அம்மாவின் பீடி கார்டு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலையிலேயே பக்கத்துத் தெரு மதினி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பிள்ளை 600-க்கு 512. மார்க் பட்டியலை நெட் சென்டரில் பிரின்ட் எடுத்து, அதற்குள் லேமினேட்டும் பண்ணியாகிவிட்டது. பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணிதம் படிக்க வேண்டும் என்று ஆசை.

"ஏ பிள்ள, நீதான் இதெல்லாம் தெரிஞ்சவ. இந்த மார்க்குக்கு எங்கன ஸ்காலர்ஷிப் கிடைக்கும்னு பாத்துச் சொல்லு."

நான் மார்க் பட்டியலை வாங்கி அப்படியே மேசையில் வைத்துவிட்டு, "மதினி, உங்க வீட்ல தகரப் பெட்டி இருக்குல்லா, அதை எடுத்துட்டு வாங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற கவலை நன்றாகத் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி உண்டு. சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், எப்போதோ போட்ட சீட்டின் துண்டு என்று எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். உதவித்தொகை தேடுகிறவர்கள் கூகுளில் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் பெட்டியில்தான் தொடங்க வேண்டும். அப்பா என்ன வேலை செய்கிறார், அம்மா என்ன வேலை செய்கிறார், அந்த வேலைக்காக ஏதாவது கார்டு வாங்கி வைத்திருக்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி. மார்க்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இது நான் தோற்றுக் கற்றுக்கொண்டது.

என் அம்மா பீடி சுற்றுகிறவர். தென்காசிப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மடியில் சொளவு (முறம்), அதில் வெட்டிய இலை, ஓரத்தில் தூள், நூல். பேசிக்கொண்டே, டிவி பார்த்துக்கொண்டே, பிள்ளையைத் திட்டிக்கொண்டே கை மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். சாயங்காலம் கட்டுகளை எடுத்துக்கொண்டு பீடிக் கடைக்குப் போய்க் கொடுத்துவிட்டு, மறுநாளைக்கான இலையும் தூளும் வாங்கி வர வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. எங்கள் வீட்டில் எதற்கும் விலை ரூபாயில் மட்டும் பேசப்பட்டதில்லை. புதுச் செருப்பு கேட்டால், "அது ரெண்டாயிரம் பீடிலா" என்பார் அம்மா.

அவருக்கு மத்தியத் தொழிலாளர் நலத் துறை கொடுத்த பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உண்டு. நாங்கள் அதை பீடி கார்டு என்போம். காய்ச்சல் வந்தால் பீடி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவதற்கு அது வேண்டும். அப்புறம், பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு ஒருமுறை வாத்தியார் ஒரு ஃபாரம் கொடுப்பார். கார்டின் நகலை வைத்து, அம்மாவிடம் கைரேகை வாங்கிக் கொடுத்தால் சில மாதம் கழித்துக் கொஞ்சம் பணம் வரும். அதில்தான் நோட்டு வாங்குவோம்.

2010-ல் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். அங்கே யாரும் ஃபாரம் கொடுக்கவில்லை. வாத்தியார் கொடுத்தால்தானே அது உண்டு? ஆகவே அந்த உதவி பள்ளிக்கூடத்தோடு முடிந்தது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அது பட்டப் படிப்புக்கும் உண்டு, தொழிற்கல்விக்குக் கூடுதலாகவே உண்டு என்று தெரிந்தபோது நான்காம் வருஷக் கடைசி செமஸ்டர் நடந்துகொண்டிருந்தது. பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன், என்னோடு அதே பஸ்ஸில் வருகிறவன், நான்கு வருஷமும் வாங்கியிருக்கிறான். சாதாரணமாகச் சொன்னான். எனக்கு மீதிப் பயணம் முழுக்க ஜன்னலைத்தான் பார்க்க முடிந்தது.

கல்லூரியில் சேர்ந்த வருஷமே இன்னொரு விஷயத்தில் அதிர்ஷ்டம் அடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை என்று தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது 2010-ல்தான். நாங்கள் முதல் செட். தாலுகா ஆபீசில் அப்படி ஒரு சான்றிதழைக் கேட்டபோது அங்கிருந்தவருக்கே அது புதுசு. மூன்று முறை அலைந்து வாங்கினோம். இன்றைக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்துவிடலாம். தனியார் பொறியியல் கல்லூரியிலும் கவுன்சலிங் இடமாக இருந்தால் வருஷத்துக்கு 25,000 ரூபாய் வரை கட்டணத்தில் குறையும். வருமான வரம்பு கிடையாது.

ஆனால் "கவுன்சலிங் இடமாக இருந்தால்" என்பதில்தான் எங்கள் சித்தி மகன் விழுந்தான். ரிசல்ட் வந்த வாரமே, சீட் போய்விடும் என்று யாரோ பயமுறுத்த, மேனேஜ்மென்ட் கோட்டாவில் முன்பணம் கட்டிச் சேர்ந்துவிட்டான். முதல் பட்டதாரிச் சான்றிதழ் பத்திரமாகக் கையில் இருந்தது. கல்லூரி அலுவலகத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒற்றைச் சாளரக் கவுன்சலிங்கில் போயிருந்தால் அதே கல்லூரியே கிடைத்திருக்கும், நான்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் மிச்சமாகியிருக்கும். அவசரப்பட்டு முன்பணம் கட்டுவதைப் போல உதவித்தொகைக்கு எதிரி வேறு இல்லை. அதே மாதிரி, அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியலோ மருத்துவமோ சேர்கிறவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டிவிடுகிறது. அவர்களும் கவுன்சலிங் வழியாகத்தான் போக வேண்டும்.

சரி, மதினியின் பெட்டிக்கு வருவோம்.

பெட்டி வந்தது. உள்ளே மதினியின் பீடி கார்டு. மதினியின் வீட்டுக்காரர் கொத்தனார் வேலை பார்க்கிறவர். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்த அட்டையும் இருந்தது, ஆனால் புதுப்பிக்காமல் கிடந்தது. மாமனார் பெயரில் உழவர் பாதுகாப்பு அட்டை ஒன்று. இந்த மூன்றுக்கும் பின்னால் பிள்ளைகளின் படிப்புக்கென்று உதவி இருக்கிறது என்று சொன்னபோது மதினி கார்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் எங்கேயோ அது எழுதியிருக்க வேண்டும் என்பது மாதிரி.

"இதை விபத்துன்னா பணம் தருவாவன்னுதான் எடுத்தோம்" என்றார் நலவாரிய அட்டையைக் காட்டி. எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள்.

பிறகு பிள்ளையிடம் கேட்டேன், ஆறாவதிலிருந்து எங்கே படித்தாய் என்று. எட்டாவது வரை ஊரிலேயே அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி, தமிழ் வழி. ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளி. இந்தக் கேள்வி புதுமைப் பெண் திட்டத்துக்காக. 2022 செப்டம்பரில் தொடங்கியபோது ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குத்தான் மாதம் 1,000 ரூபாய் என்று இருந்தது. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் 2024-25-ல் சேர்த்தார்கள். அதற்கு முன்னால் என்றால் இவளுக்குக் கிடைத்திருக்காது. பையன்களுக்கு இதே தொகை தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில், 2024 ஆகஸ்டிலிருந்து. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு என்பதுதான் இதில் நல்ல விஷயம். கல்லூரி வழியாகவே பதிந்துவிடுவார்கள். பட்டப் படிப்பு முடிகிற வரை மாதா மாதம் வரும். கல்லூரிக்குப் போகிற பெண்ணின் கையில், வீட்டில் யாரிடமும் கேட்காமல், பஸ்ஸுக்கும் டீக்கும் ஆயிரம் ரூபாய் இருப்பது என்னவென்று, அது இல்லாமல் படித்த எனக்குத் தெரியும்.

அடுத்ததாக, மார்க்கை வைத்துக் கிடைப்பவை. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் மத்திய அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது. அந்தந்த போர்டில் பிளஸ் டூ தேர்ச்சி பெற்றவர்களில் மேல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இளநிலைப் படிப்புக்கு வருஷத்துக்கு 12,000 ரூபாய். நாடு முழுக்கப் புதிதாக 82,000 பேருக்கு, அதில் பாதி பெண்களுக்கு. ஆனால் வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்குகிறவர்களுக்கு இது கிடையாது. ஆகவே இதையும் பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகையையும் சேர்த்து வாங்க முடியாது, ஒன்றை வாங்கினால் இன்னொன்று இல்லை. பீடி உதவித்தொகையில் பி.எஸ்சி. மாதிரிப் பட்டப் படிப்புக்கு வருஷத்துக்கு 6,000, பொறியியல் போன்ற தொழிற்கல்விக்கு 25,000.

எனக்கு அந்த 12,000 ரூபாயின் மீதுதான் கண். மதினி ஒரே கேள்விதான் கேட்டார். "அந்தப் பன்னெண்டாயிரம் உறுதியா வருமா?"

உறுதி சொல்ல முடியாது என்றேன். மேல் 20 சதவீதத்துக்குள் வந்தாலும், மாநிலத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய எண்ணிக்கைக்குள் மார்க் வர வேண்டும்.

"அப்ப ஆறாயிரத்துக்கே எழுது. இருக்கறதை விட்டுட்டுப் பறக்கறதுக்கு ஆசைப்பட வேண்டாம்."

அது சரியான முடிவா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. 512 மார்க்குக்காரப் பிள்ளை ஒருமுறை முயன்று பார்த்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது. ஆனால் அது அவர்கள் வீட்டுக் கணக்கு, நான் வாயை மூடிக்கொண்டேன்.

விண்ணப்பம் போட உட்கார்ந்தபோதுதான் உண்மையான வேலை தொடங்கியது. மார்க் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால். அம்மாவின் பெயர் பீடி கார்டில் "மாரியம்மாள்" பாணியில் 'ள்' வைத்து, ஆதாரில் அந்தக் கடைசி எழுத்தே இல்லை. வருமானச் சான்றிதழ் மூன்று வருஷத்துக்கு முந்தையது. அது ஒரு வருஷம்தான் செல்லும் என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. இ-சேவையில் புதிதாகப் போட்டோம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஏறி வர இரண்டு வாரம். ஆதாரில் திருத்தம் தனி அலைச்சல். என் அனுபவத்தில் உதவித்தொகையை இழக்கிறவர்களில் பாதிப் பேர் தகுதி இல்லாமல் இழப்பதில்லை, இந்த 'ள்'-இல் தட்டி விழுகிறவர்கள்தான். ஏப்ரல் விடுமுறையிலேயே எல்லாக் காகிதத்தையும் தரையில் பரப்பி, பெயர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

விண்ணப்பம் அனுப்பியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களும் உண்டு. கல்லூரியில் இதற்கென்று ஒருவர் பொறுப்பில் இருப்பார். அவர் தன் லாகினில் சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் அது நகரும். கடைசித் தேதி தாண்டினால் அங்கேயே நின்றுவிடும். அந்தப் பிள்ளையிடம் சொல்லி வைத்தேன்: வாரம் ஒருமுறை தளத்தில் போய் நிலையைப் பார், நகரவில்லை என்றால் அந்த மேடத்தின் அறை வாசலில் போய் நில், கூச்சப்படாதே. மூன்றாவது வாரம் போய் நின்றிருக்கிறாள். "அட, இப்படி ஒரு ஸ்கீம் இருக்கிறதே இப்பதான் பாக்கேன்" என்றாராம் அவர், நல்ல மனுஷி, அன்றைக்கே அனுப்பிவிட்டார்.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இந்தப் பணம் எதுவும் ஜூனில் வராது. கல்லூரி கேட்பது ஜூனில், உதவித்தொகை வருவது பிப்ரவரி, மார்ச்சில், சிலசமயம் அடுத்த வருஷம். ஆகவே முதல் தவணைக்கு மதினியின் கம்மல் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனது. உதவித்தொகை அந்தக் கம்மலை மீட்கத்தான் வந்தது என்று சொன்னால் தப்பில்லை.

வந்ததும் நேராக வரவில்லை. பிப்ரவரியில் தளத்தில் பணம் செலுத்தியாகிவிட்டது என்று காட்டியது. பாஸ்புக்கில் என்ட்ரி இல்லை. மதினி யாரோ தின்றுவிட்டார்கள் என்று முடிவே செய்துவிட்டார். பேங்கில் கேட்டால் ஆதார் இணைத்திருக்கிறது என்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் கணக்கோடு ஆதார் எண்ணைச் சேர்ப்பது வேறு, அரசு உதவி வந்து சேர வேண்டிய கணக்கு இதுதான் என்று பதிவாகியிருப்பது வேறு. ஒருவருக்குப் பத்துக் கணக்கில் ஆதார் இருக்கலாம். நேரடிப் பணம் கடைசியாக எந்த வங்கியில் அப்படிப் பதிந்ததோ அங்கேதான் போகும். மைஆதார் தளத்தில் பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் என்று போட்டுப் பார்த்தால் எந்த வங்கி என்று காட்டிவிடும். பார்த்தோம். யாரும் கேள்விப்படாத ஒரு பேமென்ட்ஸ் வங்கி. பிள்ளை நினைவுபடுத்திக்கொண்டாள்: பிளஸ் ஒன் படிக்கும்போது சிம் வாங்கப் போன மொபைல் கடையில், கணக்கு இலவசம் என்று சொல்லி விரலை வைக்கச் சொன்னார்கள். அங்கேதான் ஆறாயிரமும் அலுங்காமல் உட்கார்ந்திருந்தது. எடுத்த கையோடு, பழைய வங்கிக்குப் போய் எழுதிக் கொடுத்து மாற்றிவிட்டோம். தயவுசெய்து பிள்ளைகளை சிம் கடையில் விரல் வைக்க விடாதீர்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகு தெருவில் எனக்கு ஒரு உத்தியோகம் வந்துவிட்டது. இப்போது சின்ன வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களும் வருகிறார்கள். உண்மையில் அவர்கள்தான் வர வேண்டியவர்கள். கல்லூரிக்கான பணத்தைக் கல்லூரி வாசலில் தேடத் தொடங்குவதே தாமதம். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்கிற தேசிய உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000, மொத்தம் 48,000. அதைத் தொடாமல் வைத்திருந்தால் கல்லூரியின் முதல் வருஷத்துக்குக் கம்மல் வெளியே போக வேண்டியதில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு. 500 பையன்கள், 500 பெண்கள், வருஷத்துக்கு 10,000, அதுவும் இளநிலைப் பட்டம் முடியும் வரை. பதினோராம் வகுப்பில் தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு என்று ஒன்று, 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு வருஷம். இந்தத் தேர்வுகளுக்கெல்லாம் டியூஷன் கிடையாது, விளம்பரம் கிடையாது. அறிவிப்புத் தாள் தலைமையாசிரியர் மேசையில் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகும். நல்ல வாத்தியார் இருக்கிற பள்ளியில் பத்துப் பேர் தேர்வாகிறார்கள், அடுத்த பள்ளியில் ஒருவர்கூட எழுதுவதில்லை. புத்தியில் அவ்வளவு வித்தியாசம் இருக்க முடியுமா என்ன?

பொறியியல், டிப்ளமோ படிக்கும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. என்கிற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி உதவித்தொகை, வருஷத்துக்கு 50,000. முதல் வருஷத்திலேயே போட வேண்டும். இயற்பியல், வேதியியல் மாதிரி அடிப்படை அறிவியலுக்கு, போர்டில் மேல் ஒரு சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை, வருஷத்துக்கு 80,000. பட்டியலினப் பிள்ளைகளுக்கான மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை 1944-லிருந்து இருக்கிறது, வருமான வரம்பு இரண்டரை லட்சம். அகரம் மாதிரி அறக்கட்டளைகள் வீடு தேடி வந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்புறம் பழைய கல்லூரிகளில், ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் தங்கள் அப்பா அம்மா பேரில் வைத்துப்போன அறக்கட்டளைப் பரிசுகள் ஆபீஸ் போர்டில் ஒரு ஓரமாக ஒட்டியிருக்கும். இரண்டாயிரம், மூவாயிரம்தான். போட்டியே இருக்காது. பதிவுக்கு முன்பணம் கட்டச் சொல்கிற எதுவாக இருந்தாலும் அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடுங்கள்.

போன வாரம் மதினி கம்மலை மீட்டுக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் காட்டினார். அம்மா திண்ணையில் சொளவோடு இருந்தார். இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, சுற்றுவதும் குறைந்துவிட்டது, ஆனாலும் விடமாட்டார். மதினி ஆறாயிரம் வந்த கதையை முழுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரு இலையை எடுத்துத் தூளைப் பரப்பினார்.

"ஏட்டி, நீ படிக்கையில இது உனக்கும் உண்டா?"

"உண்டும்மா. கேக்கத் தெரியல."

"இஞ்சினீருக்கு எவ்வளவு இருந்திருக்கும்?"

"அப்பல்லாம் கம்மிதான்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் வைத்திருப்பதாக உள்ளே போனேன். தொகையைச் சொல்லியிருந்தால் அது எத்தனை ஆயிரம் பீடி என்று அவர் அங்கேயே கணக்குப் போட்டிருப்பார்.